பேத்தி கேட்ட அனுமதி

சம்பந்தி,

இன்று காலை ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் வேகவைத்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் உயர் நீதிமன்ற வராந்தாவும் நீங்களும்தான் நினைவுக்கு வந்தீர்கள். வாங்காமல் வந்துவிட்டேன். உங்கள் காரியத்தன்றும் இப்படித்தான், உங்கள் தெருமுனைவரை வந்து திரும்பிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவது?

விடுமுறைக்கு என்று சொல்லித்தான் என் மகன் நம் பேத்தியைக் கனடாவிலிருந்து அழைத்து வந்தான். இரண்டு வாரத்தில் திரும்பிவிடுவதாக உங்கள் மகளிடம் சொல்லியிருந்தான். திரும்பவில்லை. இங்கேயே பள்ளியில் சேர்த்தான். ஆறு வயதுக் குழந்தை வீடெல்லாம் ஓடித் திரிந்த சந்தோஷத்தில், 'அவள் அம்மாவுக்கு என்னடா பதில்?' என்று நான் கேட்கவே இல்லை. பெரிய மனுஷன் என்று நான்கு பேர் கும்பிடுகிற லட்சணம் இது.

நீங்கள் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் மாறி, ரயில் மாறி வந்தீர்கள். நான் கேட்டைத் திறக்காமலே பேசினேன்.

"சண்டைக்கு வரல சம்பந்தி. கொயந்தய ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டு போறேன்," என்றீர்கள்.

அப்பாவும் பெண்ணும் வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தது உங்களுக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் மகள் சார்பில் ஆட்கொணர்வு மனு போட்டீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அந்தத் தாத்தா எது கொடுத்தாலும் என்னைக் கேட்காம வாங்கக் கூடாது" என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

நீதிபதிகள் அவளைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். பிறகு, அவள் பிறந்த ஊரும் பள்ளியும் தாயும் அங்கே இருக்க, இங்கே நிறுத்தி வைப்பது குழந்தைக்கு நல்லதல்ல, தாயிடம் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். யாரிடம் வளர்வது என்பதை அந்த ஊர்க் கோர்ட்டில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள்.

வராந்தாவில் உங்கள் வக்கீல் உங்களுக்குக் கை கொடுத்தார். நீங்கள் நேரே என்னிடம் வந்தீர்கள்.

"ஜெயிச்சிட்டோம்னு சொல்லிகினு கீறாரு. எம் பேத்தி பிளேன் ஏறப்போவுது. நான் இன்னாத்த ஜெயிச்சேன் சம்பந்தி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பஸ், ஒரு ரயில் தூரத்தில் இருந்த குழந்தையை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பத்தான் நீங்கள் அத்தனை நாள் கோர்ட்டுக்கு அலைந்தீர்கள். உங்களுக்கு மட்டும் பேத்தி ஆசை இல்லையா என்ன?

பையிலிருந்து பனங்கிழங்கை எடுத்து, தோலுரித்து, நார் கிழித்து அவளிடம் நீட்டினீர்கள். அவள் வாங்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சொந்தத் தாத்தா கையால் வாங்கித் தின்ன என்னிடம் அனுமதி! கூனிக் குறுகிப்போனேன்.

"வாங்கிக்கம்மா, தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றீர்கள். என்னை அங்கேயே அறைந்திருக்கலாம்.

அதன்பின் போனில் அவளைப் பார்த்ததோடு நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எந்தக் கோர்ட்டும் சொல்லாமலே உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுகிறாள். இன்னமும் 'மாமா' என்றுதான் அழைக்கிறாள். போன வாரம் குழந்தையிடம், "தாத்தாவப் பார்க்க வருவியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லும்மா, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் உங்கள் மகள். அப்படியே உங்கள் குரல்.

அந்தப் பார்வையைப் பழக்கியவன் நான், சம்பந்தி. குழந்தையைத் திருப்பி அனுப்பக் கோர்ட் இருந்தது. இதை அவளிடமிருந்து திரும்ப வாங்க நான் எங்கே போய் மனு போடுவேன்?