இரண்டு உரசு ஜாதிக்காய்

என் லூர்து மதினிக்கு,

கல்லறைத் திருநாளன்று அண்ணன் மட்டும் வந்து உங்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனாரே, இந்த ஸ்டெல்லா எங்கே போனாள் என்று நினைத்தீர்களா? காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை மதினி. உங்கள் முன்னால் வந்து நிற்கப் பயமாக இருந்தது.

அந்தப் பயம் எதனால் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் சமையல் தளத்தின் முதல் பக்கத்திலேயே இதைப் போடப்போகிறேன். குறிப்புத் தேடி வருகிறவர்களும் படிக்கட்டும். அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதும் இதில் இருக்கிறது.

நீங்கள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தளத்தை மூடிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. நீங்கள் வெங்காயம் உரித்தபடி சொல்லச் சொல்ல, நான் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து கொண்டுவந்த பழைய மெஷினில் அடித்த குறிப்புகள் அத்தனையும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் 'எழுதியவர்: லூர்து' என்று இருந்தது. அதை எப்படி மூடுவது?

உத்தமபாளையத்துக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் முடிந்ததும் தினமும் ஒரு மணி நேரம் தளத்து வேலை பார்ப்பேன். தேடுவதற்கு ஒரு பெட்டி வைத்தேன். படம் ஏற்ற வழி செய்தேன். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்று ஆக்கினேன். பேர் பதிகிற படிவம் நீளமாக இருக்கிறது என்று சிலர் சலித்துக்கொண்டதால், போன் நம்பர் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டேன். அதை எடுத்த அன்று பெரிய வேலை செய்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை.

மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "அக்கா, ஒரு ஆழாக்கு என்றால் எத்தனை கிராம்? இங்கே ஆழாக்குக்கு நான் எங்கே போவேன்?" நியாயமான கேள்விதானே? அதற்காகத்தான் புதிதாக ஒன்று செய்தேன். எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்று போட்டால், அளவெல்லாம் தானாகக் கூடிக் குறைந்து கிராம் கணக்கில் வரும். குறிப்பில் உள்ள எண்ணைத் தனியாகவும் அளவுச் சொல்லைத் தனியாகவும் பிரித்து, அந்தச் சொல்லை நான் எழுதிவைத்த பட்டியலில் அது தேடும். ஆழாக்கு, படி, கரண்டி என்றால் கிராமாக மாற்றிவிடும்.

பட்டியலில் இல்லாத சொல் வந்தால்? அதை நான் யோசிக்கவே இல்லை என்றால் பொய். யோசித்தேன். தெரியாத சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் காட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். 'கறிவேப்பிலை 2 இணுக்கு' என்பது 'கறிவேப்பிலை 2' என்று வந்தது. சமைக்கிறவர்களுக்கு இது கூடவா தெரியாது என்று நகர்ந்துவிட்டேன். சாம்பாரைப் போட்டுப் பார்த்தேன், மீன் குழம்பைப் பார்த்தேன், பிரியாணியைப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. உங்கள் பிரசவ மருந்தை நான் பார்க்கவில்லை.

நினைவிருக்கிறதா? பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து உருண்டை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, கருப்பட்டி. கடைசி வரி, ஜாதிக்காய் 2 உரசு. கல்லில் இரண்டு தரம் உரசினால் ஒட்டுகிறதே, அது மட்டும்தான். அதைச் சொல்லும்போது நீங்கள் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் திரையைக் குனிந்து பார்த்தீர்கள். "அதுக்கு மேல போனா ஆளையே கெறங்க வச்சிரும் ஸ்டெல்லா. பாத்து அடி."

பார்த்துத்தான் அடித்தேன் மதினி. பிறகு நானே அதை அழித்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை. சென்டரைத் திறந்து, வழக்கம்போல முதலில் தளத்தைப் பார்த்தேன். உங்கள் பிரசவ மருந்துக்குக் கீழே புதிதாக ஒரு கருத்து.

"இன்று நாலு மணிக்கு இந்த மருந்தை மனைவிக்குக் கொடுத்தேன். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். ஜாதிக்காய் இரண்டையும் பொடித்துச் சேர்த்தேன். கசக்கிறது என்று பாதிதான் சாப்பிட்டாள். இப்போது நாக்கு வறளுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறாள். பேச்சும் ஒரு மாதிரி இருக்கிறது. இது வழக்கம்தானா? உடனே சொல்லவும். பாண்டி, கடமலைக்குண்டு."

முந்தின நாள் அந்தியில் எழுதியது. மேலே திரையை நகர்த்தினேன். 'ஜாதிக்காய் 2' என்று இருந்தது. உரசைக் காணோம்.

உடனே சொல்லவும் என்று கேட்டவனுக்கு ஒரு ராத்திரி முழுவதும் பதில் சொல்ல ஆள் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று அவன் மெயிலுக்கு எழுதினேன். அவன் எப்போது பார்ப்பானோ? கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் போன் நம்பர் இல்லை. அந்தக் கட்டத்தைத்தான் நான் எடுத்துவிட்டேனே.

அளவு மாற்றுவதை மொத்தமாக நிறுத்தினேன். குறிப்பு பழையபடி '2 உரசு' என்று ஆனது. அதற்கு அடுத்ததாக நான் செய்ததை உங்களிடம் மட்டும் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். பாண்டியின் கருத்தை யாருக்கும் தெரியாதபடி மறைத்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் விரல் தானாகப் போய் அழுத்தியது. தானாகவா? இல்லை. நான்தான் அழுத்தினேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, என்னால ஒரு உசுரு போயிருக்கும்போல."

கேட்டுவிட்டு அவர் வாசல் கதவைச் சாத்தினார். "பக்கத்தத்தேன் சரி பண்ணிட்டேல. பேசாம இரு. அங்கன போயி நாந்தேன் செஞ்சேன்னு சொன்னா, போலீஸ்ல புடிச்சுக் குடுத்துர மாட்டாகளா?"

"அந்தப் பிள்ளை இருக்கா இல்லையான்னே தெரியலையேண்ணே."

"உங்க மதினியத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். நீயும் எங்கிட்டாச்சும் போயிட்டா நான் என்னத்த செய்வேன்?" என்றார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை மதினி. நீங்களும் சொல்லாதீர்கள்.

தேனிக்குப் போய் அங்கே கடமலைக்குண்டு பஸ்ஸுக்கு மாறினேன். வழியெல்லாம் ஒரே ஒரு படம்தான் கண்ணுக்குள். ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆட்கள் நிற்கிறார்கள், உள்ளே பன்னிரண்டு நாள் குழந்தை அழுகிறது. பஸ் எந்த ஊரில் நின்றாலும், எங்காவது கொட்டுச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னல் வழியாகக் காதைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "என்னத்தா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

கடமலைக்குண்டில் இருந்தது ஒரே ஒரு பிரவுசிங் சென்டர். பாண்டி என்றதும் அதன் உரிமையாளருக்குத் தெரிந்துவிட்டது.

"தையக்கடை பாண்டி அண்ணனா? நேத்து இங்கனதேன் உக்காந்து என்னமோ எழுதிக்கிட்டு இருந்தாக. வீட்டுல இருந்து ஆள் வந்து கூப்பிட்டுச்சு, ஓடுனாக. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாகளே. மெயின் ரோட்டுல இருக்கே, பெரிய கவர்மெண்ட் ஆஸ்பத்திரி."

"உசுருக்கு ஒண்ணும் இல்லையே?"

"தெரியலையேக்கா. இன்னும் ஒரு தாக்கல் தகவலும் வரல."

அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் நான் வந்திருந்தேன். திரும்பவும் பஸ் ஏறினேன்.

பெண்கள் வார்டு வராந்தாவில், தேடாமலே அவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அத்தனை சத்தம். சுவரோரம் தரையில் ஒரு மெலிந்த மனிதர், கையில் குறிப்பை எழுதிவைத்த ஒரு நோட்டுத் தாள். அவர்தான் பாண்டி. எதிரே குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா. பாண்டியின் மனைவியைப் பெற்றவர். பக்கத்தில் அவர் மகன்.

"ஒழுங்காப் படிக்கத் தெரியாதவகளுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?" என்று மகன் கத்திக்கொண்டிருந்தான். "இப்பத்தேன் எதுத்தாப்புல இருக்குற பிரவுசிங் சென்டர்ல போயி அந்தப் பக்கத்தப் பாத்துட்டு வாரோம். ரெண்டு ஒரசுன்னு தெளிவாப் போட்டுருக்கு. நீங்க பாத்து எழுதுன லட்சணம் இது!"

"நான் பாத்தப்ப வெறும் ரெண்டுன்னுதேன் மச்சான் இருந்துச்சு," என்றார் பாண்டி. "கீழ ஒரு கேள்விகூட எழுதினேன். அதையும் இப்பக் காணோம். ஒருவேளை நாந்தேன் சரியாப் பாக்கலையோ என்னமோ."

பெற்றவர், "எம் மகளக் கொல்லத்தேன் நெனச்சிருக்கான்," என்றார்.

நான் வராந்தாத் தூணருகே நின்றேன். காலையில் நான் திருத்தியதும் மறைத்ததும் எனக்கு முன்னால் வந்து இங்கே நின்றுகொண்டிருந்தன. அந்த மனிதர் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் ஒரு நர்ஸ் வெளியே வந்தார். "கண்ணத் தொறந்துருச்சு. பேரு கேட்டா முத்துலட்சுமின்னு சொல்லுது. இன்னும் ஒரு நாள் வச்சுப் பாக்கணும். பிள்ளைக்குப் பால் குடுக்க வேணாம், டாக்டர் சொல்றப்ப குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உயிர் இருக்கிறது. அது காதில் விழுந்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா மதினி? திரும்பிப் போய்விடலாம். என்னை இங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே அண்ணன் இருப்பார். நிஜமாகவே இரண்டு அடி பின்னால் வைத்தேன். அந்த இரண்டு அடியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு எப்படிப் போய் அவர்கள் நடுவில் நின்றேன் என்று தெரியாது. "அவுக தப்பாப் படிக்கல," என்றேன். "அந்தப் பக்கம் என்னோடது. வெறும் ரெண்டுன்னுதேன் இருந்துச்சு. இன்னைக்குக் காலையிலதேன் நான் மாத்தினேன். அவுக எழுதுனதையும் நாந்தேன் மறச்சேன்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். குழந்தையின் மாமன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். சுவரில் போய் மோதினேன். பெற்றவர் தாளைப் பிடுங்கி அடியில் இருந்த பேரை மகனிடம் படிக்கச் சொன்னார். அதையும் பாண்டி எழுதி வைத்திருந்தார்.

"எவ அந்த லூர்து? அவள இங்கன இழுத்துட்டு வா! ஒரு பச்ச உடம்புக்காரிக்கு இப்பிடியா எழுதி வைப்பா?"

"அவுக சரியாத்தேன் சொன்னாக. நாந்தேன் கெடுத்தேன். அவுக இப்ப இல்ல. செத்துப்போயிட்டாக."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "எம் மகளும் செத்திருந்தா?" என்று கேட்டார். கத்திக் கேட்கவில்லை. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

பாண்டி எழுந்து வந்தார். என்னைத் திட்டவில்லை. தாளையும் பேனாவையும் நீட்டினார். "இப்பச் சொன்னத இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளப்பின்ன இவுக யாரும் நாந்தேன் செஞ்சேன்னு சொல்லக்கூடாது." சுவரில் வைத்து எழுதினேன். என் பேர், நம் தெரு, எல்லாம் எழுதினேன். அதை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போலீஸுக்குப் போவார்களோ என்று அன்றும் பயந்தேன், இன்றும் பயம் இருக்கிறது. இதுவரை யாரும் வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் போனேன். வராதே என்றார்கள், வாசலில் நின்றேன். மூன்றாம் நாள் முத்துலட்சுமியை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது அவளே என்னைக் கூப்பிட்டாள். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுலக்கா?" ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று அந்த பிரவுசிங் சென்டர்காரர் போனில் சொன்னார். அவர்கள் எனக்கு எதுவும் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்?

பாண்டியின் கருத்தைத் திரும்ப வெளியே வைத்துவிட்டேன். நடந்ததையும் அதன் கீழே எழுதிவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. அந்தப் பிழை பத்து நாள் தளத்தில் இருந்தது. அந்தப் பத்து நாளில் பக்கத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர், பாண்டியைப் போலத் தாளில் எழுதிக்கொண்டு போனவர்கள் யார், எதுவும் எனக்குத் தெரியாது. எந்த ஊரில், எந்த அடுப்படியில், அந்தத் தாள் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது? தினமும் காலையில் மெயிலைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் திறக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் இருந்தாலும் போய்ச் சொல்லுங்கள்.

மதினி, இனி ஒவ்வொரு குறிப்பிலும் அளவுச் சொல் எழுதியவர் சொன்னபடியே நிற்கும். தெரியாத சொல் வந்தால் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும், நான் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வெளியே விடுவேன். என் செல் நம்பரை எல்லாப் பக்கத்திலும் போட்டாயிற்று. உங்கள் பேருக்கு மேலே இப்போது என் பேர் இருக்கிறது. தப்பு என்று தோன்றினால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கட்டும், எத்தனை பயமாக இருந்தாலும் எடுத்துப் பேசுவேன். உங்களை ஒருத்தரும் இழுத்துட்டு வா என்று சொல்ல இனி விடமாட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் உங்களிடம் வருகிறேன்.

பயத்தோடும் பிரியத்தோடும்,
உங்கள் நாத்தனார்
ஸ்டெல்லா