நான் உங்களுக்கு வைத்த பெயர்

கவுண்டரே,

மழைக்காலத்துக்கு முன்னால் அடிவாரத்து வீட்டில் ஜீப் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய டயர்களுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து ஒரு தகரப் பலகை நின்றது. திருப்பினால், ஓரமெல்லாம் துருப்பிடித்திருந்தாலும் எழுத்து அப்படியே இருக்கிறது. ‘ஆதிவாசி கிராமம். காட்டு மக்கள், காட்டு மொழி. நேரில் காணலாம்.’ சேலத்தில் பெயின்டர் பக்கத்திலேயே நின்று நான் சொல்லிச் சொல்லி எழுதவைத்தது. அன்றைக்கு அதைப் படித்துப் படித்துப் பூரித்துப்போனேன். இன்றைக்கு ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. மறுபடியும் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பேசவேண்டிய காலத்தில் பேசாதவன் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை.

நாம் பழகியதே ஒரு பழுதான வண்டியால்தான். நாகலூரைத் தாண்டி ஒரு வளைவில் என் ஜீப் மக்கர் பண்ணி நின்றுவிட்டது. உள்ளே ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த பெங்களூர்க் குடும்பம் ஒன்று. குழந்தைகள் அழ, பெரியவர்கள் என்னை முறைக்க, நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை தெரிந்தவன் மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் மேஸ்திரி வேலை முடித்து நீங்கள் அந்த வழியாக வந்தீர்கள். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் கடிகாரம், கக்கத்தில் குடை.

“ஏனுங்க, கொழந்தைங்க வெயில்ல நிக்குதுங்களே. எங்க ஊடு பக்கத்துலதானுங்க. வந்து ஒரு வாய் காப்பி குடிக்கச் சொல்லுங்க” என்றீர்கள்.

உங்கள் மனைவி, அன்றிலிருந்து எனக்கு அக்கா, மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அந்தக் குடும்பம் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு உடனே வியாபாரப் புத்தி வேலை செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஜீப்பை நாகலூரில் நிறுத்தி, அங்கிருந்து எஸ்டேட் பாதை வழியாக ஆட்களை உங்கள் ஊர்வரை நடத்திக் கூட்டிப்போவது உங்கள் பொறுப்பு என்று ஆயிற்று. கீழே இருந்து வருகிற எல்லோரையும் போல நானும் உங்களைக் கவுண்டரே என்றேன். நீங்கள் என்னைச் செல்வராசு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான்கைந்து வருடம் அப்படி ஓடியது. என் ஆயுளில் நான் சந்தோஷமாக வண்டி ஓட்டிய வருடங்கள் அவை.

கெடுத்தது என் வாய்தான். வருகிறவர்களில் சிலர், “இங்கே ட்ரைபல்ஸ் எங்கே இருப்பாங்க?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்து மழுப்பினேன். பிறகு ஒருநாள் உங்களைக் கைகாட்டி, “இவர் ட்ரைபல்தான் சார்” என்றேன். அவர்கள் முகத்தில் வந்த ஆர்வத்தைப் பார்த்ததும் எனக்கு ருசி கண்டுவிட்டது. அதற்கப்புறம் நேரில் கவுண்டரே, வண்டிக்குள் ட்ரைபல். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுவேன், உங்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று. தினமும் பேப்பர் படிக்கிற மனிதரைப் பற்றி எனக்கு இருந்த எண்ணம் அவ்வளவுதான்.

அந்தப் பாஷை விஷயம் நினைவிருக்கிறதா? “இவங்க பேசற பாஷையே தனி” என்று ஒரு கூட்டத்திடம் அளந்துவிட்டு, “கவுண்டரே, உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசிக் காட்டுங்க” என்றேன். நீங்கள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தீர்கள்.

“ஏனுங்க செல்வராசு, இந்நேரம் வரைக்கும் நான் பேசிக்கிட்டு வந்தது என்னங்க? அதுதானுங்களே எங்க பாஷை.”

வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். எங்கள் அடிவாரத்துத் தமிழுக்கும் உங்கள் ஊர்த் தமிழுக்கும் சில சொல்லும் கொஞ்சம் இழுவையும்தான் வித்தியாசம். அதைக் காட்டு மொழி என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

அந்தத் தகரப் பலகையை ஏற்காடு ஏரிப் பக்கம் ஜீப் ஸ்டாண்டில் வைத்த வாரமே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். சத்தம் போடவில்லை. என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்.

“பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேரு காஞ்சிபுரத்துல இருந்து கெளம்பி வந்தாங்களாமுங்க. பெரியண்ணன் இந்த மலையில தங்கிட்டாரு, நாங்க அவரு வகையறான்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. எங்களுக்குள்ள காராளருன்னு சொல்லிக்குவோம். சர்டிபிகேட்டுல மலையாளின்னு இருக்குது, மலைக்காரங்கன்னு அர்த்தமுங்க. கேரளாக்காரங்கன்னு சில பேரு நெனச்சுக்கறாங்க, அது வேற கூத்து. அந்தச் சர்டிபிகேட்டு இருந்தாத்தான் எம்பொண்ணுக்குக் காலேஜ்ல எடம், அதை நான் வேண்டாங்கல. ட்ரைபல்னு சர்க்காரு சொல்றதும் தெரியும். ஆனா இந்தக் காட்டு மக்கள்ங்கற பேரு மட்டும் வேண்டாமுங்க. ஒண்ணும் தோணலைன்னா எங்க ஊரு பேரைப் போட்டுருங்க, போதும்.”

“சீசன் முடியட்டுங்க கவுண்டரே, மாத்திரலாம்” என்றேன். மாற்ற அரை நாள் வேலை. மாற்றினால் கூட்டம் குறையும் என்று பயந்தேன். உங்களிடம் அதை ஒப்புக்கொள்ளக்கூட எனக்குத் துணிவில்லை.

அந்த மே மாதம்தான் எல்லாம் முடிந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. நான் கூட்டிவந்த ஆட்களில் ஒருவர் பெரிய கேமராவோடு வந்திருந்தார். இவர் பார்க்க ட்ரைபல் மாதிரியே இல்லையே என்று என்னிடம் குறைபட்டார். நான் உங்கள் காதோரம் வந்து, “சட்டையும் வாட்ச்சும் மட்டும் கழட்டிருங்க. தலையில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு அந்தக் கொடுவாளைக் கையில புடிங்க. ஒரே ஒரு போட்டோ” என்றேன். நீங்கள் கேமராவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். பிறகு எனக்காகத்தான் கழற்றினீர்கள். சட்டையை மடித்து, அதன்மேல் பேனாவையும் கடிகாரத்தையும் வைத்தீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் மகள் வந்தாள். திருவிழா பார்க்க ஹாஸ்டல் தோழிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு பஸ் இறங்கி நடந்து வந்தவள், பாதைத் திருப்பத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கேமராக்காரர் “கொஞ்சம் இடதுபக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உங்களைப் பார்த்தாள், நீங்களும் பார்த்தீர்கள். அப்புறம் தோழிகளிடம் ஏதோ சொல்லி, வந்த வழியே திரும்பக் கூட்டிப்போய்விட்டாள்.

நீங்கள் சட்டையைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினீர்கள். “இன்னையோட போதுமுங்க செல்வராசு” என்றீர்கள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் கேவலம். கோபித்துக்கொண்டேன். ஒரு போட்டோவுக்கு இவ்வளவு பிகுவா என்று ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். எதிரே வந்தால் நீங்கள் கையைத் தூக்குவீர்கள், நான் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போவேன். மூன்று வருடம் அப்படிப் போனது. பலகையைக்கூட நான் மனம் திருந்தி எடுக்கவில்லை. ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள், அதனால் எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்று உங்களிடம் வந்து சொல்ல நினைத்தேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதை அடிவாரம் டீக்கடையில் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் கேட்டேன். அடக்கமே முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவருக்கு என்னைத் தெரியவில்லை. “அக்கா, கீழ்நாட்டுக்காரரு ஒருத்தரு வந்திருக்காருங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்; மலைக்குக் கீழே இருந்து வருகிற எங்களுக்கு அங்கே அதுதான் பெயர். அக்கா எட்டிப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லாதப்பா. அவரு பேரு செல்வராசு. அவரை ஆராச்சும் கீழ்நாட்டுக்காரருன்னு சொன்னா உங்க மாமனுக்குப் புடிக்காது. பேரைச் சொல்லுன்னு சண்டைக்கு வந்துருவாரு.”

உள்ளே இருந்த உங்கள் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க வராம நின்னுட்ட பொறவும் அப்பா அப்படித்தானுங்க சொல்லுவாரு” என்றாள். நான் பலகையைப் பற்றிச் சொல்ல வந்தவன். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

உங்கள் வீட்டில் என் பெயர் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் எத்தனையோ வண்டி ஆட்களிடம் உங்களைக் கைகாட்டியிருக்கிறேன், கவுண்டரே. அவர்களில் ஒருவரிடம்கூட உங்கள் பெயர் இன்னதென்று நான் சொன்னதில்லை.