அதிகாரிக்குக் கொடுத்த சொம்புத் தண்ணீர்

செய்யூர்,
12.12.1996

அண்ணாவுக்கு,

உன் பங்கு நிலம் இறால் பண்ணையான பிறகு நம் பொதுக்கிணறு உப்பாகிவிட்டது. நேற்று, பாதிப்பைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர் கேட்டார்.

வந்தவருக்கு உப்புத் தண்ணீரையா கொடுப்பது? என் மகள், உன் மருமகள், மூன்று மைல் நடந்து சுமந்து வந்த நல்ல தண்ணீரைச் சொம்பில் கொடுத்தேன்.

"தண்ணி நல்லாத்தானேம்மா இருக்குது?" என்றவர், குடிநீருக்குப் பாதிப்பில்லை என்று எழுதிவிட்டார்.

"ஐயோ, இது வேற தண்ணி சார். கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாம கீது!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை; கிணற்றுப் பக்கம் வராமலே கிளம்பிவிட்டார்.

நாளை அந்த அறிக்கையில் என் கையெழுத்து வாங்க வருகிறார். கிணற்றில் இறைத்து அதே சொம்பை நிரப்பி வைத்திருக்கிறேன். அவர் குடிக்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பொங்கலுக்கு வா அண்ணா. உனக்கும் அதே சொம்புதான்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்