எந்தக் கரை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மலைமேல் மேகம், கீழே புழுக்கம். ஆய்வகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பவே பாதி நாள். ஒரு முனையில் அலை எழுப்பும் பலகை, மறுமுனையில் பிளைவுட் சரிவு. அதுதான் என் கடற்கரை. திருப்பதியில் ஏது கடல் என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் கேட்டாயிற்று.

குட்டி அலைகள் சரிவில் ஏறி, நுரைத்து, அங்கேயே தீர்ந்துபோகின்றன. நீள அலை கண்ணுக்கே தெரியாது. மட்டம் மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் உடையாமல் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் என் நாலாவது அத்தியாயம். கிராஃபைப் பார்த்து கைடு மேடம், "சால பாகுந்தி அம்மா!" அவர் வாயில் பாராட்டு!

ஒரு உறுத்தல். பலகையை நிறுத்திய பிறகும் மட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. தூக்கிப்போகிற வாளித் தண்ணீர் மாதிரி.

வாங்க: சோப்பு, நல்லெண்ணெய், ரீசார்ஜ்.

ஆகஸ்ட் 6, புதன்

நகரியிலிருந்து நைனா போன். பின்னால் பவர்லூம் சத்தம்.

"துன்னியாம்மா? கரை வேல எப்டி போய்க்கினு இருக்குது?"

"போவுது நைனா."

"தறி ஓனர் கேட்டாரு, எத்தினி இஞ்ச் கரைன்னு. பெரிய கரைதான்னு சொல்லிட்டேன்."

எங்கள் தெருவில் கரை என்றால் புடவைக் கரைதான். மகள் திருப்பதியில் பார்டர் ஆராய்ச்சி செய்கிறாள் என்று இத்தனை நாளும் ஊரெல்லாம்! சிரிப்பு தாங்கவில்லை. திருத்த மனசு வரவில்லை, குரலில் அவ்வளவு பெருமை.

பிறகு பாகாலா ஸ்கூல் பேச்சு. சயின்ஸ் டீச்சர் வேலை, திங்கள் வரை காத்திருப்பார்களாம். சனிக்கிழமை கமிட்டியில் இந்த அத்தியாயம் தேறாவிட்டால் ஆராய்ச்சியை விட்டு அங்கே சேருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நானேதான். வாய்க்கொழுப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

கூட ஆராய்ச்சி செய்கிற சொப்னாவும் நானும் சரிவை முன்னால் இழுத்து வைத்தோம். தொட்டி சுருங்கிவிட்டது. வரும் அலைகள் அதேதான். கரை திருப்பி அனுப்புகிற அலை என்றால் ஆட்டத்தின் வேகம் மாறக்கூடாது.

மாறியது. வேகமாக ஆடியது.

ஆக, நான் அளந்ததில் பெரும்பகுதி கரையின் வேலை இல்லை. தொட்டியின் சொந்த ஆட்டம். மேடத்திடம் சொல்லாதே என்கிறாள் சொப்னா, காதோடு: "மேடம்கி செப்பொத்து. சனிக்கிழம தாண்டட்டும். எவுருக்குத் தெரியும்?" எனக்குத் தெரியுமே. மத்தியானம் சாப்பிடவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். மேடத்திடம் சொல்லிவிட்டேன். கிராஃபை வாங்கிப் பார்த்தார். பிறகு, "இதி தீசேய்." எடுத்துவிடு. கமிட்டிக்கு இந்த அத்தியாயம் போகாது. நான் இங்கேயே இருந்தால் முதலிலிருந்து எல்லா அளவும் மறுபடி. ஸ்கூலுக்குப் போவதென்றால் திங்களுக்குள் சொல்ல வேண்டும்.

பாகாலாதான். பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். சாயங்காலம் நைனாவுக்கு நானே போன்.

"கரை தப்பாப் போச்சு நைனா. எல்லாத்தையும் மறுபடி செய்யணும்."

"யாரு கண்டுபுடிச்சாங்க?"

"நான்தான்."

தறிச் சத்தம் நின்றது. அவரே நிறுத்தியிருக்க வேண்டும்.

"தப்புக் கரைய அப்டியேவா குடுப்பாங்க? பிரிச்சிட்டு மறுபடி போடு. பாகாலாக்காரங்கள வேற ஆளு பாத்துக்கச் சொல்லிடறேன்."

எந்தக் கரை என்று இன்னும் சொல்லவில்லை.