பதினொரு கிலோ இழுவை

அக்டோபர் 9
வண்டி இன்றும் ஆயில் கக்கியது. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் பால்டீ நிறம். எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலிருக்கும் தகடு, ஹெட் கேஸ்கட், போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க என் கணவர் தம்தினுக்குக் கொரியாவிலிருந்து மூன்று போன் தேவைப்பட்டது. அங்கே அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். வண்டி பிறந்த நாட்டில் இருக்கிறாரல்லவா, அந்தத் தகுதியில் ஆலோசனை!

"நீ தொடாதே தொல்கோர். தம்பி பாத்துப்பான்."

தம்பி பார்த்த லட்சணம்தான் சொட்டுகிறது. போன மாதம் ஒரு ட்யூப் பசையைப் பிதுக்கி அப்பிவிட்டு, "இனி பத்து வருஷம் தாங்கும் அண்ணி" என்று போனான் செவீன். பத்து நாள் தாங்கியது.

அக்டோபர் 11
கணவாயில் பனி விழுவதற்குள் நானூறு ஆடுகளோடு குளிர்கால இடத்துக்குப் போயாக வேண்டும். இங்கே புல் தீர்ந்தது. பனி மூடினால் அவை நின்ற இடத்திலேயே சாகும். கூடாரத்தையும் அடுப்பையும் சுமக்க இந்த வண்டியை விட்டால் எனக்கு நாதியில்லை. பள்ளத்தாக்கில் இன்னும் மூன்று வண்டிகள் இருக்கின்றன. ஒருவராவது "நாங்க ஏத்திக்கிட்டுப் போறோம்" என்றார்களா? ஊஹூம். மனிதர்களாம்.

நானே பிரிக்கப் போகிறேன்.

அக்டோபர் 12
செவீன் கேஸ்கட் வாங்கி வந்தான். ஒன்று கேட்டால் இரண்டு.

"எதுக்குடா ரெண்டு?"

"ஒண்ணை நீங்க கெடுத்துருவீங்கல்ல அண்ணி."

வாயைப் பார்.

அக்டோபர் 13
ஹெட்டைக் கழற்றிவிட்டேன். ஒட்டியிருந்த பசையை அவனையே சுரண்ட வைத்தேன். அவன் மூளைக்கு ஏற்ற வேலை.

அக்டோபர் 14
போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேஸ்கட் விற்ற கடைக்காரர் தாளில் எழுதியிருக்கிறார்: ஸ்பேனரில் செருகிய ஒரு மீட்டர் குழாயின் நுனியில் பதினொரு கிலோ இழுவை. அளவு காட்டும் ஸ்பேனர் இங்கே யாரிடம் இருக்கிறது? குழாய் நுனியில் மாட்டி இழுக்கத் தம்தினின் கொக்கித் தராசை எடுத்தேன். வசந்தத்தில் அக்கம்பக்கத்தாரிடம் வெள்ளாட்டு ரோமம் வாங்கும்போது அவர் நிறுக்கும் தராசு.

செவீனின் முகம் கோணியது. "அது வேணாம் அண்ணி. நான் கைப்பதத்துலயே முறுக்கிடறேன்."

"உன் கைப்பதம்தானேடா இவ்வளவு நாளா சொட்டுச்சு?"

அவன் தராசைத் தொடாமல் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டான்.

அக்டோபர் 15
ஐந்தாவது போல்ட். முள் பத்தைத்தான் தொட்டது, படீரென்று முறிந்தது. ஐயோ, நான் என்ன செஞ்சேன் — பதினொண்ணுகூட வரலையே!

இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தராசில் தொங்கவிட்டேன். பதினாறு. இருபது காட்ட வேண்டாமா? மறுபடி தொங்கவிட்டேன். பதினாறுதான்.

செவீன் தரையைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமாடா?"

"அண்ணன் ஸ்பிரிங்கை மாத்தினப்போ பக்கத்துலதான் இருந்தேன்."

நான்? அவர் முள்ளைப் படிக்கப் படிக்க, கிலோவை இதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதியவள். நாலு வருஷம். கையெழுத்து அழகு வேற. தூ!

அக்டோபர் 16
தம்தினுக்குப் போன் போட்டேன். "அந்தத் தராசையா எடுத்தே?" இதுதான் முதல் வார்த்தை. அடுத்தது, "எல்லா வியாபாரியும் செய்யறதுதானே." வைத்துவிட்டேன். இந்த ஆள் பேச்சைக் கேட்டா நான் வண்டியைத் தொடாமல் இருந்தேன்?

செவீன் அரை நாள் மல்லுக்கட்டி முறிந்த துண்டை எடுத்தான். எங்கேயோ அலைந்து வேறு போல்ட்டும் கொண்டுவந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அக்டோபர் 17
நல்ல தராசு ஒன்று வேண்டும். என் அம்மாவின் அக்கா பக்மா பெரியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். குதிரையில் போய், நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவள் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. அதான் சொந்தமா ஒண்ணு வாங்கி வெச்சேன். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்கும் அதுல பங்குன்னு நெனச்சோம்."

எனக்கு அவமானமாக இருந்தது. டீயை முழுவதும் குடிக்க முடியவில்லை. தராசைக் கொடுத்தனுப்பினாள்.

அக்டோபர் 18
இரண்டாவது கேஸ்கட். எல்லா போல்ட்டும் பதினொன்று, நிஜமான பதினொன்று. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடந்தது. செவீன் குதித்தான்.

அக்டோபர் 20
காலையில் லேசாகப் பனி தூறியது. கூடாரம், அடுப்பு, பெட்டிகள், என் கட்டில் எல்லாம் ஏற்றியாயிற்று.

"அண்ணனோட கட்டில்?" என்றான் செவீன்.

"இடமில்லடா."

வண்டியில் இடம் இருந்தது. அவனும் பார்த்தான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கினான். அவன் குதிரையில் ஆடுகளை ஓட்டிவர, மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட்டோம்.