புள்ளிப் பல்லிகளுக்கு மூன்று டப்பாக்கள்

பிப்ரவரி 9, திங்கள்

மருமகளுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். வலது கை. மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

பல்லித் தொட்டியை மேஜையிலிருந்து ஜன்னலோரத்துக்குத் தனியாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அப்போதுதான் தரை துடைத்திருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால், கண்ணாடித் தொட்டி சுக்கு நூறு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில். "உள்ள வராதீங்க அத்தை, கண்ணாடி குத்தும். கதவை மட்டும் சாத்துங்க, வெளிய ஓடிரப்போவுதுங்க" என்கிறாள். கை வீங்கிக்கொண்டிருக்கிறது, கவலை பல்லிக்கு.

கெக்கோ என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு அது பல்லிதான். மஞ்சள் தோலில் கறுப்புப் புள்ளி வைத்த, கொழுத்த பல்லி. கல்யாணமாகி வந்தபோதே மூன்றையும் கொண்டுவந்தாள். ராணி, தூங்குமூஞ்சி, கடுகு. ஒரே தொட்டிக்குள் தடுப்பு வைத்து மூன்று குடித்தனம். இரண்டு வருடமாக நான் அந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. லாரிக்கு நடுவில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். பல்லி என்றால் மட்டும் உடம்பு கூசுகிறது.

இடது கையாலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துக் குளியலறை வாளிகளில் விட்டு, மேலே துண்டு போட்டு வைத்திருக்கிறாள். நான் இன்று குளிக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் குளிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் யாரும் கண்டுகொண்ட மாதிரித் தெரியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

புதுத் தொட்டி வாங்கிவிடலாம் என்றேன். வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவே போதும், ஆளுக்கு ஒன்று, கழுவவும் சுலபம் என்றாள். கடைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர், "அரிசி போட்டு வைக்கவாம்மா? இதுல பல்லி, எறும்பு எதுவும் ஏறாது" என்றார்.

"பல்லிக்குத்தாங்க வாங்கறோம்."

"அதான் சொல்றேன், ஏறாது."

"இல்லீங்க, உள்ள விட."

மனுஷன் என்னையும் பார்த்தார், மாவுக்கட்டையும் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இவள் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும், மூடியில் கொக்கி இருக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நழுவக் கூடாது. ஒரு மணி நேரம். நான் காலையே மாற்றி மாற்றி நின்றேன்.

பிப்ரவரி 14, சனி

இன்று நான் மாணவி, அவள் டீச்சர்.

மாடி வீட்டுக்காரரிடம் டிரில் வாங்கி வந்தேன். காற்றோட்டத்துக்கு டப்பாவின் பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட வேண்டும். உள்ளேயிருந்து வெளியே போட வேண்டுமாம். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் நிற்கும், அதுகளின் தோலைக் கிழிக்காது. நான் அழுத்திய அழுத்தில் முதல் டப்பா 'டப்'பென்று விரிசல் விட்டது.

"போனாப் போவுது அத்தை. ஒண்ணு கூடுதலாத்தானே வாங்கினோம்? அது நீங்க உடைக்கறதுக்குன்னுதான்."

முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறாள்!

"அமுக்காதீங்க. மெஷின் அதுவா இறங்கும். நீங்க பிடிச்சுக்கிட்டா போதும்." இருபது வருடமாக ஸ்டியரிங்கைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்கிற அதே பேச்சு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்வது எவ்வளவு சுலபம்.

அடியில் ஒரு ஓரத்தில் மட்டும் சூடு தரும் பட்டை. மறு ஓரம் குளிர்ச்சியாக. எங்கே இருக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். சூடு ஏறிவிடாமல் தானாக அணைக்க ஒரு சின்னப் பெட்டி. தரைக்குக் காகிதத் துண்டு. தண்ணீருக்குக் கிண்ணம். ஒளிந்துகொள்ள, கவிழ்த்து வைத்த தயிர் டப்பாவில் வாசல் வெட்டினோம். உள்ளே ஈரத் துணி வைத்து இன்னொன்று, தோல் உரிக்கும் நேரத்துக்கு.

மூன்றையும் குடியேற்றியாயிற்று. நான் தள்ளி நின்று பார்த்தேன். தூங்குமூஞ்சி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. இதற்கு இமை இருக்கிறது! சுவர்ப் பல்லிக்கு இல்லையே. அதோடு இதுகள் சுவரும் ஏறாதாம். ஒரே மூலையில்தான் வெளிக்குப் போகுமாம். செத்துப்போன என் வீட்டுக்காரருக்குக்கூட குளியலறையில் அந்த ஒழுங்கு கிடையாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

டப்பாக்களைத் தரையில் வைத்திருந்தாள். சுவரில் ஒரு தட்டு அடித்துத் தருகிறேன், டிரில் கையில்தானே இருக்கிறது என்றேன்.

"வேணாம் அத்தை. சுவத்துல ஓட்டை எதுக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். கைப்பிடி, கொக்கி, அடுக்கினால் நழுவாத மூடி — கடையில் அவள் அவ்வளவு பார்த்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க போற?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "அவர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

என் மகனுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம். போன மாதம் வேலை பார்க்கிற கப்பலிலிருந்து போனில் சொல்லியிருக்கிறான். போனில். சண்டை இல்லை, வேறு பெண் இல்லை, ஒத்துவரவில்லையாம். அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றிருக்கிறான். இவளும் ஒரு மாதமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, "குழம்புக்கு உப்பு சரியா இருக்கா அத்தை"ன்னு கேட்டுக்கிட்டு... நான் ஒரு மண்ணும் தெரியாம...

என்ன ஒத்துவரலையாம் அவனுக்கு? வருஷத்துல ரெண்டு மாசம் வீட்ல இருக்கறவனுக்கு என்ன ஒத்துவரணும்? நான் வளத்த பிள்ளைதானே. எங்க தப்பு பண்ணேன்?

பிப்ரவரி 17, செவ்வாய்

மகனுக்குப் போன் லைன் கிடைத்தது.

"எப்ப சொல்றதா இருந்த?"

"வந்து நேர்ல சொல்லலாம்னு இருந்தேம்மா."

"ரெண்டு தடவை லீவத் தள்ளிப் போட்டவன் நீ."

"அவ சொல்லிட்டாளா?"

"சுவத்துல ஓட்டை வேணாம்னு சொன்னா. அவ்வளவுதான் சொன்னா."

அவனுக்குப் புரியவில்லை. கல்யாணத்தன்றைக்கே மனசு ஒட்டவில்லை, சொல்லத் தைரியம் வரவில்லை என்றான். அழுதான். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது வேறு விஷயம். கடைசியில், "நீ என் பக்கம்தானேம்மா?" என்றான்.

"நான் எந்தப் பக்கமும் இல்லடா. நான் வீட்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சுவரில் ஓட்டை போட்டேன். அவள் லேப் வேலைக்குப் போயிருந்தபோது. (ரத்தம் எடுக்கக் கை இல்லை, கம்ப்யூட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.) தட்டு கொஞ்சம் சாய்வாக நிற்கிறது. அதன்மேல் டப்பாக்களை நானே தூக்கி வைத்தேன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

வந்து பார்த்தாள்.

"நீ எப்பப் போனாலும் போ. அது உன் இஷ்டம். இருக்கறவரைக்கும் தரையில எதுக்கு? நான் இடறி விழவா? ஒரு வீட்டுக்கு ஒரு மாவுக்கட்டு போதும்."

சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

புழு வைக்கும் வேலை இப்போது என்னுடையது. இடுக்கியால். நேற்று கடுகின் டப்பாவில் ஒரு பக்கக் கொக்கியை மாட்டாமல் விட்டிருக்கிறேன்.

காலையில் டப்பா காலி. அவளை எழுப்பிச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தரையில் மண்டி போட்டுக் கட்டில், பீரோ, அடுப்படி எல்லாம் தேடினோம். ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்தபோது இரண்டு கண்கள். அவள் கட்டுப் போட்ட கை உள்ளே போகாது. இடது கைக்கு எட்டவில்லை.

"நீங்கதான் அத்தை."

"எனக்கு முடியாதும்மா."

"மெதுவா. மேலேர்ந்து பிடிக்காதீங்க, பயந்துரும். கைய விரிச்சு முன்னாடி வையிங்க. அதுவா ஏறும்."

வைத்தேன். ஏறவில்லை. பின்னால் நகர்ந்து எதிலோ வால் மாட்டி, வாலை விட்டுவிட்டது. வால் தனியாகத் துள்ளுகிறது! நான் அலறியதில் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஆனால் கையை எடுக்கவில்லை நான். அந்தத் துள்ளலைத் தாண்டி கடுகு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பஞ்சு மாதிரி கனமே இல்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

டப்பாவில் விட்ட பிறகு அழுகை வந்துவிட்டது. "நான்தாம்மா கெடுத்தேன்" என்றேன்.

"வளரும் அத்தை. பழைய மாதிரி நீளமா வராது. குட்டையா, குண்டா வரும். அதுக்கு அது போதும்."

சின்னக் காகிதத்தில் வாலைச் சுற்றி எடுத்துப்போய்ப் போட்டாள். பிறகு எனக்கு டீ போட்டுத் தந்தாள், இடது கையால்.

மார்ச் 24, செவ்வாய்

கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து, வெளுத்து, யாருடைய கையோ மாதிரி இருக்கிறது.

அவள் லேபின் கிளை ஒன்று பக்கத்து ஊரில். அங்கே மாற்றல் கேட்டிருந்தாளாம், கொடுத்துவிட்டார்கள். இங்கேயே இரு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னேன்கூட, ஒரு தடவை.

"இருக்கலாம் அத்தை. ஆனா அவர் வந்தா எங்க படுப்பாரு? இது அவர் வீடு."

நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மே 3, ஞாயிறு

கொண்டுபோய் விட்டு வந்தேன். டப்பாக்கள் பின் சீட்டில், மூன்றுக்கும் பெல்ட் போட்டு. நெடுஞ்சாலையில் நான் இவ்வளவு மெதுவாக ஓட்டியதே இல்லை. ஒரு லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டிவிட்டுப் போனார்.

"தூங்குமூஞ்சிய வேணா வச்சுக்கிறீங்களா அத்தை?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் அதைக் கேட்கும்போது டப்பாவின் கைப்பிடியை விடவில்லை.

மே 4, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. பல்லிகள் சத்தமே போட்டதில்லை. பிறகு எப்படி அமைதி கூடிப்போனது?

ஜூன் 21, ஞாயிறு

மகன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். பிடித்ததைச் சமைத்தேன். என் பிள்ளை, பசி என்று வந்தால் சோறு போடாமல் முடியாது. கோர்ட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவள் பணம் காசு ஒன்றும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அவ நல்லா இருக்காளாம்மா?"

"நீயே கேளு."

கேட்கவில்லை. அறைச் சுவரில் சாய்வாக நிற்கும் தட்டைத் தடவிப் பார்த்தான். தன் புத்தகங்களை அதில் வைக்கட்டுமா என்றான். வைத்துக்கொள் என்றேன்.

நவம்பர் 1, ஞாயிறு

தீர்ப்பு போன வாரம் வந்துவிட்டது. மகன் போனில் சொன்னான். காகிதப்படி இனி அவள் எனக்கு ஒன்றும் இல்லை.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். மாதத்தில் ஒரு ஞாயிறு போகிறேன். லேபில் கூட வேலை பார்க்கிற பெண் ஊர் மாறிப் போகிறாளாம், தன் பல்லியை இவளிடம் விட்டுவிட்டாள். அதற்கு ஒரு டப்பா தயார் செய்தோம். நான்தான் துளை போட்டேன், ஒன்றும் உடையவில்லை. கரண்டு கம்பியை அவள் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்க, நான் தயிர் டப்பாவில் வாசல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டு அம்மா கதவருகில் வந்து நின்றார். என் கார் வழியில் நிற்பதால் அவருடைய ஸ்கூட்டரை எடுக்க முடியவில்லையாம். என்னைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்றார்.

"என் அத்தை."

"அப்படியா. அப்பா கூடப் பொறந்தவங்களா?"

நான் கத்தரியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆமாங்க" என்றாள்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு காரை நகர்த்தக் கீழே இறங்கினேன்.