என் முந்தானையில் வந்த குளிசைப் போத்தல்

என் கண்ணான மகள் பவளத்துக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் அண்ணன் மகன் கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டுவிட்டான். நம் பரம்பரையில் முதல் ஆள். உன் மகன் குமரனுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் எட்டுப் பாடமும் டி, விசேட சித்தி. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அந்தப் பெறுபேற்றைக் கோயில் ஐயருக்கே வாசித்துக் காட்டினேன். உன் மூத்தவள் தர்சினி கல்லடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். சுவிசில் இருக்கும் ஒரு பொடியனுக்கு அவளைக் கேட்டார்கள். படம் அனுப்பினோம்.

அதோடு வந்தது வினை.

"மாப்பிள்ளைட அக்கா சத்துக் குளிசை குடுத்து விட்டிருக்காவாம், அம்மம்மா. டவுனில ஒராளிட்ட இருக்கு. குமரிப்பிள்ளை நான் சென்றியால எப்பிடிப் போறது? நீங்க போய் எடுத்துத் தாங்க" என்றாள் தர்சினி.

போனேன். மருந்து கொண்டு வந்தால் பாலத்துச் சென்றியில் ஆமிக்காரர் மறித்துத் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று முந்தானையில் முடிந்து வந்தேன். ஆமிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். "அம்மா, இது யாருக்கி?"

"எனக்குத்தான் தம்பி, பிரசர்" என்று நெஞ்சைப் பிடித்துக் காட்டினேன். விட்டுவிட்டான். பேத்திக்குச் சத்து வருகிறது என்று பாலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டு மாதத்தில் அவள் கோப்பையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. விரல் நடுங்கியது. தலை வாரினால் கை நிறைய மயிர். ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டு நின்றவள் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. ஓடினேன். தனியே தூக்கிவிட்டேன், மகள்!

உன்னையும் அப்படித்தான் தூக்கினேன். இடம்பெயர்ந்து வெல்லாவெளிப் பக்கம் மரத்தடியில் கிடந்தபோது, கிடைத்த கஞ்சியைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு "எனக்குப் பசியில்லம்மா" என்றாய். பிறகு காய்ச்சல் வந்தது. அதைத் தாங்க உன் உடம்பில் என்ன இருந்தது?

குமரன் போத்தலில் இருந்த இங்கிலீசை வாசித்தான். "இது சத்து இல்ல அம்மம்மா. பசிய அடக்குற குளிசை." மாப்பிள்ளையின் அக்கா எழுதி, தர்சினி ஒளித்து வைத்திருந்த கடிதத்தையும் எடுத்து வந்தான். 'பிள்ளை கொஞ்சம் உடம்பு. இதைப் போட்டு மெலிஞ்ச பிறகு புதுப் படம் அனுப்புங்கோ.'

பசியை அடக்கக் குளிசையா? தூ! நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற சனத்துக்கு இதையா அனுப்புவது? படத்தில் பிள்ளையைப் பார்த்தாளா, இறைச்சிக் கடையில் நிறை பார்த்தாளா? அந்தக் கருமத்தைச் சுமந்து வந்ததும் நான்தானே. இன்னும் அந்த முந்தானையைத் தொட எனக்கு அருவருப்பு. வாவியில் எறியப் போனேன்; மீன் தின்னுமே என்று கக்கூசுக் குழியில் கொட்டினேன்.

"என்ட கலியாணத்தக் குழப்பிப் போட்டீங்க! இஞ்சயே கிடந்து சாகச் சொல்றீங்களா?" என்று கத்தினாள்.

"இதத் திண்டு சாகிறத்துக்கு எதுக்கு மனே சுவிசு?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் கேட்டதிலும் பாதி நியாயம் இருந்தது. நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்?

பிள்ளை இதுதான், படமும் அதேதான் என்று மாப்பிள்ளையின் அக்காவுக்கு என் கையாலேயே எழுதிப் போட்டேன். பதில் இல்லை. தர்சினியும் என்னோடு பேசவில்லை. நேற்று மட்டும், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டாம் தரம் சோற்றுக்குக் கோப்பையை நீட்டினாள்.

குமரன் வாசித்துச் சொல்லாமல் இனி ஒரு குளிசையும் நம் வாசலைத் தாண்டாது. இது உனக்குத் தரும் சத்தியம்.

சுவரில் மாலை போட்டு வைத்திருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த உன் படம். கன்னம் ஒட்டிக் கிடக்கிறாய். அங்கே தபால் உண்டென்றால், மகள், உடம்பு தேறின புதுப் படம் ஒன்று போட்டுவிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா